நார்வேஜியப் பனிவிளையாட்டுச் சொற்களைக் கற்றலில் தமிழ்த் தொகை இலக்கணத்தின் பயன்பாடு

ஆய்வுச் சுருக்கம்

நார்வேஜிய மொழியைக் கற்கும் தமிழர்க்கு முதல் தடையாக நிற்பது அம்மொழியின் நீண்ட கூட்டுச்சொற்கள். பனிச்சறுக்குப் போட்டி வருணனைகளில் இச்சொற்கள் அடர்ந்தும் திரும்பத் திரும்பவும் வருகின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பொருளோ செயலோ கண்ணெதிரே நிகழ்கிறது. இச்சொற்களைத் தொல்காப்பியம் கூறும் அறுவகைத் தொகைகளின் வழியே பகுத்துக் கற்க இயலுமா, இயலுமெனில் எதுவரை இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நார்வேஜியச் சொற்கள் தமிழ் வரிவடிவில் ஒலியை ஒட்டித் தரப்பட்டுள்ளன. தமிழில் இல்லாத உயிரொலிகளுக்கு அண்மை ஒலி கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: தொகைநிலைத் தொடர், சாரியை, சொற்கற்றல், நார்வேஜியம், பனிச்சறுக்கு, புலம்பெயர் தமிழர்.

1. பனி என்னும் சொல்லும் இரு நிலங்களும்

பிச்சாவரத்தில் பனி என்பது மார்கழி விடியலில் சுரபுன்னை இலையில் நிற்கும் நீர்த்துளி. கழிமுகத்தின் மேல் படர்ந்து, படகை எடுக்கவிடாமல் செய்யும் வெண்புகையும் அங்குப் பனியே. சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனத்திற்குச் செல்வோர் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வதும் பனிக்காகவே. முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுதைப் பகுத்த மொழியில் துளி, புகை, குளிர், வானிலிருந்து விழும் வெண்துகள் ஆகிய அனைத்திற்கும் இந்த ஒரு சொல்லே வழங்குகிறது. நார்வேஜியத்தில் துளி ‘டுக்’, புகை ‘டோக்கெ’, வெண்துகள் ‘ஸ்னோ’. அந்த வெண்துகளும் ஒன்றாக நிற்பதில்லை. புதிதாக விழுந்தது ‘ந்யூஸ்னோ’. கையில் பிடித்தால் உருண்டையாகும் ஈரப்பதம் உடையது ‘கிராம் ஸ்னோ’. உருகி மீண்டும் உறைந்து மேலோடு பிடித்தது ‘ஸ்காரெ’. தரையில் கிடக்கும் பனி இன்று சறுக்குவதற்கு எந்நிலையில் உள்ளது என்பதைக் குறிக்க ‘ஃபோரெ’ எனத் தனியே ஒரு சொல் உண்டு. அச்சொல்லை ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்க்க முயன்றால் தோல்வியே கிட்டும். கழியில் நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்று கொண்டலா வாடையா என்பதையெல்லாம் ஒரு பார்வையில் கணித்து ‘இன்று போகலாம்’ என்று படகோட்டி சொல்லும்போது அவர் மனத்தில் உள்ள கணிப்பே ஏறத்தாழ ‘ஃபோரெ’.

நிலத்தோடு பிறந்த சொற்களை அகராதி வழியே மட்டும் கற்பது கடினம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. முதற்பொருளும் கருப்பொருளும் அறியாதவர்க்கு உரிப்பொருள் விளங்காது என்பது அகப்பாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. பனி காணாத நிலத்தவர்க்கு அந்நிலத்தைக் கண்முன் கொண்டுவந்து, சொல்லையும் பொருளையும் ஒரே நொடியில் இணைப்பது எது என்ற வினாவுக்குப் பனிவிளையாட்டுப் போட்டி ஒரு விடையாகிறது.

2. ஒரு பழைய வகுப்பறை

இந்தக் கடற்கரைக்கு இவ்வினா புதிதன்று. சிதம்பரத்திற்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு கரையிறங்கினார். அவரை அனுப்பியவர் நான்காம் பிரடெரிக். டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அவர் ஒருவரே மன்னர். அவ்விரு நாடுகளின் அரசிணைப்பு 1814 வரை நீடித்தது. பின்னாளில் தரங்கம்பாடியின் ஆளுநராக இருந்த பீட்டர் அங்கர் நார்வேயில் பிறந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். ஆனால் 1716இல் ஹாலே நகரில் அச்சான தம் தமிழ் இலக்கண நூலை இலத்தீனில் எழுதினார். தமிழை இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்துள் வைத்தே விளக்கினார். அதில் பிழை காண்பதற்கில்லை. அறிந்த இலக்கணத்தைக் கொண்டே அறியாத மொழியை அணுக முடியும்.

இன்று பயணத்தின் திசை மாறியுள்ளது. 1956இல் யாழ்ப்பாணத்தவரான அந்தோனி இராசேந்திரம் நார்வே சென்றார். 1967இல் சே-நோர் என்னும் மீன்பிடித் தொழில் திட்டம் யாழ்ப்பாணத்தில் உருவாயிற்று. அதன்பின் நார்வேயின் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இடம்பெற்று ஈழத்தமிழ் இளைஞர் பலர் அங்குச் சென்றனர். 1980களில் அவர்களுள் கணிசமானோர் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் பணியாற்றினர். இன்று அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாரநாள்களில் நார்வேஜியப் பள்ளியிலும், வார இறுதியில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போன்ற தமிழ்ப் பள்ளிகளிலும் பயில்கின்றனர். இவர்கள் எந்தச் சட்டகத்தைக் கொண்டு நார்வேஜியத்தை அணுகுவர்? பெரும்பாலும் ஆங்கிலத்தைக் கொண்டே. தமிழ் இலக்கணத்தைக் கருவியாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் எழுவதில்லை. தமிழிலக்கணம் தேர்வுக்கு உரியது, பிறமொழி கற்கப் பயன்படாதது என்ற கருத்து நம் துறைகளுக்குள்ளேயே வேரூன்றியுள்ளது. இக்கருத்தை ஒரு சிறு எல்லைக்குள் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

3. போட்டி வருணனை ஏன்?

நார்வேயில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும் குளிர்காலப் போட்டி நம் நேரப்படி மாலை 4.30க்குத் தொடங்குகிறது. வானொலி வருணனை, காணொலித் துணுக்குகள், மறுநாள் வெளிவரும் எழுத்துச் செய்தி ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்து இக்கட்டுரையாளர் சொற்களைத் திரட்டினார். ஒரே போட்டியை மூன்றுமுறை கேட்டும் கண்டும் படித்தும் அறிவதால், முதலில் ஒலியாக மட்டும் கடந்துபோன சொல் மூன்றாம் முறையில் எழுத்துருப் பெறுகிறது. ‘மெல்லொம்டீட்’ (இடைநேரம்) என்னும் சொல் ஒரு தொடரோட்டத்தில் பன்முறை வரும். ஒவ்வொரு முறையும் திரையில் ஓர் எண்ணும் தோன்றும். ‘லொய்ப்பெ’ என்று வருணனையாளர் சொல்லும்போது சறுக்குத்தடம் கண்ணெதிரே கிடக்கிறது. சொற்களின் தொகை சிறிது, வருகை மிகுதி, பொருள் வெளிப்படை. மொழி கற்போர்க்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கும் இடங்கள் குறைவு.

இடர்ப்பாடும் உண்டு. வருணனையின் விரைவு ஒன்று. வட்டார வழக்கு மற்றொன்று. 2025இல் திரொண்டைம் நகரில் நடந்த உலகப் போட்டியில் கிளேபோ என்னும் அந்நகரத்து வீரர் ஆறு பொன் வென்றார். அந்நகரைச் சூழ்ந்த வட்டாரத்தின் வழக்கில் தன்மை ஒருமைப் பெயர் ‘யெய்’ அன்று, ‘ஆ’ என்றே ஒலிக்கும். பாடநூல் வழி ‘யெய்’ கற்றவர் பேட்டியைக் கேட்டால் எழுவாயையே தவறவிடுவர். கடலூர்த் தமிழ் கற்றவர் நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் நிற்பது போன்ற நிலை இது.

4. தொகைகளின் வழியே

தொல்காப்பியர் எச்சவியலில் வேற்றுமை, உவமை, வினை, பண்பு, உம்மை, அன்மொழி எனத் தொகைகளை ஆறாக வகுப்பர். தொகைகள் யாவும் ஒரு சொல்லைப் போல நடக்கும் என்பதும், தொகையின் பொருள் எந்த உறுப்பில் சிறந்து நிற்கும் என்பதும் அங்கேயே பேசப்படுகின்றன. இவ்விரு கருத்துகளும் நார்வேஜியத்திற்கு அப்படியே கைகொடுக்கின்றன.

முதலாவது, ஒருசொல் தன்மை. நார்வேஜியத்தில் கூட்டுச்சொல்லை இடைவெளியின்றி எழுதவேண்டும். பிரித்தெழுதினால் பொருள் திரியும். ‘ரொய்க்ஃப்ரிட்’ எனச் சேர்த்தெழுதினால் ‘புகையற்றது’. இரண்டாகப் பிரித்தால் ‘தடையின்றிப் புகைபிடி’ என்றாகும். பேச்சில் இவ்வேறுபாட்டைக் காட்டுவது முதலுறுப்பில் விழும் அழுத்தம். தமிழில் இப்பணியை ஒற்று செய்கிறது: ‘நாய்க்குட்டி’ தொகை, ‘நாய் குட்டி போட்டது’ என்பதில் வல்லினம் மிகாது. வல்லினம் மிகும் இடங்களை ஒழுங்காகக் கற்ற தமிழ் மாணவர்க்கு, நார்வேஜியச் சிறுவர் பள்ளியில் திட்டு வாங்கும் பிரித்தெழுதும் பிழையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பின்மொழி சிறத்தல். நார்வேஜியப் பெயர்ச்சொல்லின் பால் மூன்று. எந்தப் பெயர் எந்தப் பால் என்பது மனப்பாடத்திற்கு உரியது. ஆனால் தொகைச்சொல்லின் பாலை அதன் இறுதி உறுப்பே தீர்மானிக்கிறது. ‘பாக்கெ’ (குன்று, சரிவு) என்பதன் பால் தெரிந்தால் ‘ஹொப்பாக்கெ’ (தாவுகுன்று), ‘ஸ்டூர்பாக்கெ’ (பெருங்குன்று) ஆகியவற்றின் பாலும் தெரிந்துவிடும்.

பண்புத்தொகைக்குத் தக்க சான்று ‘லாங்ரென்’. ‘லாங்’ நெடிய, ‘ரென்’ ஓட்டப்போட்டி. பனிவெளியில் நெடுந்தொலைவு சறுக்கியோடும் போட்டியின் பெயர் இது. ‘ரென்’ அஃறிணைப் பாலுக்கு இணையான மூன்றாம் பாலைச் சேர்ந்தது. எனவே, தனித்தொடராக ‘ஒரு நெடிய ஓட்டம்’ எனச் சொல்லும்போது பெயரடை டகர ஈறு பெற்று ‘எட் லாங்ட் ரென்’ என வரும். தொகையில் அந்த ஈறு மறைகிறது. தமிழில் ‘பெரிய குன்று’ என்னும் தொடர் ‘பெருங்குன்று’ ஆகும்போது ஈறு நீங்கி அடிச்சொல் நிற்பதை இதனோடு ஒப்பிடலாம். டகரம் கேட்கவில்லை என்றால் அது தொகை. இந்த ஒரு குறிப்பு வருணனையைக் கேட்கும்போது பெரிதும் உதவியது.

வினைத்தொகையே கட்டுரையாளரை இத்திசையில் முதலில் திருப்பியது. ‘ஷீஷ்யுட்டிங்’ என்னும் போட்டியில் வீரர் சறுக்கி ஓடுவதோடு இடையிடையே துப்பாக்கியால் குறிபார்த்தும் சுடுவர். சுடும் இடத்திற்குப் பெயர் ‘ஷ்யுட்டெபானெ’. ‘ஷ்யுட்டெ’ என்பது காலங்காட்டாத வினைவடிவம், ‘பானெ’ களம். நேற்றுச் சுட்ட களமும் இன்று சுடும் களமும் நாளை சுடப்போகும் களமும் இச்சொல்லில் அடங்கும். ஆடுகளம் என்பது போலச் ‘சுடுகளம்’ எனலாம். (சுடுகாடு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.) கோடையில் பனியற்ற தார்ச்சாலையில் பயிற்சி செய்யச் சக்கரம் பூட்டிய ‘ருல்லெஷீ’யும் இவ்வாறே: உருண்ட, உருள்கிற, உருளும் சறுக்குக்கட்டை. ‘ஹொப்பாக்கெ’யில் மட்டும் ஐயம் எழும். ‘ஹொப்’ என்பது ‘தாவு’ என்னும் ஏவலாகவும் ‘தாவல்’ என்னும் பெயராகவும் வடிவு மாறாமல் நிற்கும். நம் முதனிலைத் தொழிற்பெயர் தரும் மயக்கமே இது.

வேற்றுமைத்தொகை எண்ணிக்கையில் மிகுதி, விளக்கத்தில் எளிது. ‘குல்மெடாலியெ’ பொன்னாலாகிய பதக்கம். உருபும் பயனும் உடன்தொக்கது. பிச்சாவரத்துத் துடுப்புப்படகும் அவ்வகையே. ஆனால் ‘ஷீஷ்யுட்டிங்’ எளிதில் அடங்காது. ‘சறுக்கலும் சுடுதலும்’ என உம்மை விரிப்பதா, ‘சறுக்குக்கட்டையொடு சுடுதல்’ என ஒடு உருபு விரிப்பதா? போட்டியின் இயல்பு முதலாவதைக் காட்டுகிறது. போட்டியாளரின் பெயரோ ‘ஷீஷ்யுட்டர்’, அதாவது சுடுநர், தலைமை சுடுதலுக்கே. எனவே பின்மொழி சிறந்த வேற்றுமைத்தொகையாகக் கொள்வதே பொருந்தும். ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள்வரை விரியக்கூடும் என நன்னூல் இடந்தருவதும் இங்குக் கருதத்தக்கது.

உவமைக்கு ‘யாக்ட்ஸ்டார்ட்’ போதும். முந்தைய சுற்றில் முன்னணி பெற்றவர் முதலில் புறப்படுவார். மற்றவர் தாம் பின்தங்கிய நேர அளவிற்கேற்ப ஒருவர்பின் ஒருவராகத் துரத்துவர். வேட்டை போன்ற புறப்பாடு. இதனினும் கடற்கரை மாணவர்க்கு இனிப்பது ‘ஃபிஸ்கெபைன்’, அதாவது மீன்முள். செங்குத்தான ஏற்றத்தில் கட்டைகளின் முனையை வெளிப்புறம் விரித்து ஏறும்போது பனியில் பதியும் சுவடு மீனின் முள்வரிசை போல் இருக்கும். ‘மீன்முள் நடந்தாள்’ என்றே வருணனையில் வரும். வடிவத்தில் இது மீனினது முள் என விரியும் ஆறாம் வேற்றுமைத்தொகை, பயன்பாட்டில் உவமையாகுபெயர். பனியைக் காணாத குழந்தைக்கும் மத்தி மீனின் முள்ளைக் காட்டி இச்சொல்லைக் கற்பிக்கலாம்.

5. உம்மை தொக்க ஆண்டு

தொல்காப்பியர் உம்மைத்தொகையுள் எண்ணுப்பெயரையும் சேர்ப்பர். ஐம்பத்துநான்கு என்பது ஐம்பதும் நான்கும். நார்வேஜியத்தில் 1951 ஜூலை 1க்கு முன் 54ஐ ‘ஃபீரெஓஃபெம்டி’ என்றனர்: ‘நான்கும் ஐம்பதும்’. இடையே நிற்கும் ‘ஓ’ உம்மைப் பொருள்தரும் இடைச்சொல். தொலைபேசி எண்கள் நீண்டு, எண்களை மாற்றிக் கேட்கும் பிழை பெருகியமையால் நாடாளுமன்ற முடிவின்படி அந்நாள் முதல் ‘ஃபெம்டிஃபீரெ’ என்னும் புதுமுறை நடைமுறைக்கு வந்தது. வரிசை பெரிய எண்ணிலிருந்து சிறியதற்குத் திரும்பியது, உம்மையும் தொக்கது. ஒரு மொழியில் விரி தொகையாக மாறிய நாளை நாட்காட்டியில் சுட்டிக்காட்டும் வாய்ப்பு இலக்கண ஆய்வாளர்க்கு அரிதாகவே கிட்டும். எனினும் சட்டம் நாவை முழுதும் கட்டவில்லை. பழைய முறை இன்றும் பேச்சில் வழங்குகிறது. நேரக் கணக்கே உயிரான பனிவிளையாட்டு வருணனையைக் கேட்பவர் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எண்ணோடு சேர்ந்த அளவுப்பெயரில் ஒரு பொறியும் உண்டு. 50 கிலோமீட்டர் போட்டி ‘ஃபெம்மீலா’ எனப்படும். ‘ஃபெம்’ ஐந்து; ‘மீல்’ 10 கிலோமீட்டர். இதனை ஐந்து மைல் எனத் தமிழ்ப்படுத்தினால் வீரர் எட்டுக் கிலோமீட்டரில் வீடு திரும்பிவிடுவார். ஐங்காதம் என்பது போன்ற அமைப்பு எனக் கொண்டு, அளவை மட்டும் தனியே மனங்கொள்ளுதல் தக்கது.

6. சாரியையும் எல்லையும்

உப்பு, கழி இரண்டும் சேர்ந்து ‘உப்பங்கழி’ ஆகும்போது இடையே அம் சாரியை தோன்றுகிறது. நார்வேஜியத் தொகைகளில் இவ்விடத்தில் சகர ஒலி தோன்றும். ‘வெர்டென்’ (உலகு) + ‘மெஸ்டர்’ (வாகையர்) = ‘வெர்டென்ஸ்மெஸ்டர்’; ‘லான்’ (நாடு) + ‘லாக்’ (அணி) = ‘லான்ஸ்லாக்’. வரலாற்றில் இச்சகரம் ஆறாம் வேற்றுமை ஈற்றோடு தொடர்புடையது. இன்று பல சொற்களில் தனிப்பொருளின்றி இரு சொற்களைப் பொருத்தும் பணியை மட்டும் செய்கிறது. அதன் பயனை நீண்ட சொற்களில் காணலாம். ‘ஷீலோப்பர்’ (சறுக்குநர்) என்பதில் சகரம் இல்லை. ‘லாங்ரென்ஸ்லோப்பர்’ என்பதில் உண்டு. முதலுறுப்பே ஒரு தொகையாக இருப்பின் அதன் முடிவில் சகரம் வருவது பெருவழக்கு. எனவே சொல்லை ‘லாங்-ரென்ஸ்லோப்பர்’ எனப் பிரிக்காமல் ‘லாங்ரென்ஸ்-லோப்பர்’ எனப் பிரிக்கவேண்டும் என்பதைச் சகரமே காட்டிவிடுகிறது. கழியில் நடப்பட்ட கம்பு ஆழத்தைக் காட்டுவது போல்.

ஒப்புமை தொடர்ந்து பொருந்தும்போது ஆய்வாளர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘எல்லாம் தமிழில் உண்டு’ என்று முடித்துவிடும் கட்டுரைகள் நம் துறையில் குறைவல்ல. அத்தகைய முடிவு மொழி கற்பவருக்கு ஒரு சொல்லையும் கற்றுத் தருவதில்லை. பொருந்தாத இடங்களே இங்கு மிகுதியாகக் கற்பிக்கின்றன.

‘பிர்கெபைனர்’ என்பது அவற்றுள் ஒன்று. நார்வேயின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வறுமையால் பிர்ச் மரப்பட்டையைக் காலில் சுற்றிக்கொண்டு போரிட்ட கூட்டத்தாரின் பெயர் இது. 1206இல் அவர்களுள் இருவர் ஹோக்கன் என்னும் அரசிளங்குழந்தையைச் சுமந்து பனிமலையைச் சறுக்கிக் கடந்து காப்பாற்றினர். அதன் நினைவாக 1932இல் தொடங்கிய போட்டியில், ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டரை வீரர்கள் முதுகில் 3.5 கிலோ சுமையுடன் கடக்கின்றனர். ‘பட்டைக்கால்’ எனத் தமிழில் சொன்னால் தூய அன்மொழித்தொகை. பட்டையும் காலும் அல்லாத ஆளைச் சொல் சுட்டுகிறது. நார்வேஜியத்தில் ‘-எர்’ என்னும் ஆட்பெயர் ஈறு வெளிப்பட நிற்பதால் அது முழு அன்மொழி ஆகாது. ‘ரோட்ஸ்ட்ரூபெ’ (செங்கழுத்து) எனச் சிறுபறவை ஒன்றை அழைக்கும்போதே ஈறில்லாத அன்மொழியைக் காண்கிறோம்.

‘ஸ்லாலோம்’ வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. உலக மொழிகள் பலவும் கடன்கொண்ட இச்சொல் தெலெமார்க் வட்டாரத்தது. ‘ஸ்லா’ சாய்ந்த, ‘லோம்’ தடம். அங்கு இது பண்புத்தொகை. தமிழில் ‘சாய்தடம்’ என ஆக்கினாலோ வினைத்தொகையாகிவிடுகிறது. பெயர்ப்பில் தொகையின் வகை மாறும். ஆதலால் தமிழ்ப் பெயர்ப்பை வைத்து மூலச்சொல்லின் வகையைத் துணிதல் கூடாது.

‘மூட்வின்’ (எதிர்காற்று) என்பதில் ஆறு தொகைகளும் கைவிடுகின்றன. ‘மூட்’ அம்மொழியில் பெயருமன்று, வினையுமன்று, பண்புமன்று. பெயருக்கு முன்நிற்கும் இடைச்சொல். தமிழில் எதிர் என்பது வினையடியாதலால் ‘எதிர்காற்று’ வினைத்தொகையாக அமைந்துவிடும். முன்னிடைச்சொல் தமிழில் இல்லாமையால் அதற்குரிய தொகையும் தொல்காப்பியத்தில் இல்லை. பொருளிலும் இச்சொல் கற்பவரை ஏமாற்றும். பேச்சு வழக்கில் ‘எதிர்காற்றில் இருக்கிறான்’ என்றால் துன்பத்தில் இருக்கிறான் என்று பொருள். தாவுகுன்றிலோ எதிர்காற்று வீரரைத் தாங்கி உயர்த்தி அதிகத் தொலைவு பறக்கச் செய்கிறது. அந்தச் சலுகைக்காக அவருடைய புள்ளிகளில் ஒரு பகுதியைக் கழிக்கின்றனர். வாடை எதிர்த்தால் துடுப்புக் கனக்கும் என்று மட்டும் அறிந்த கழிக்கரை மாணவர், புள்ளி ஏன் குறைகிறது என்று ஒருமுறை கேட்டாக வேண்டும். அவ்வாறு கேட்ட பின்னர் இச்சொல் மறப்பதில்லை.

இம்முறையை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோர், தொகை வகைகளை வரிசையாக நடத்தாமல் ஒரு போட்டியை எடுத்துக்கொண்டு, அதில் வரும் சொற்களை மாணவரே விரிக்கும்படி விடுதல் நன்று. ‘ஸ்த்ராஃபெருன்டெ’யில் தொடங்கலாம். ஒரு குறி தவறினால் 150 மீட்டர் கூடுதலாக ஓடவேண்டிய வட்டம் அது. தண்டனையாகிய வட்டமா, தண்டனைக்கு வட்டமா, தண்டிக்கும் வட்டமா? பண்புத்தொகை, நான்காம் வேற்றுமைத்தொகை, வினைத்தொகை என மூன்றுக்கும் வாதிடலாம். இடையில் நிற்கும் எகரம் வினையீறா, இணைப்பொலியா என்பதை முடிவு செய்தாலன்றி அவ்வாதம் தீராது. ஓஸ்லோவின் தமிழ்ப் பள்ளி மாணவரும் சிதம்பரத்தின் முதுகலை மாணவரும் ஒரே கரும்பலகையின் முன் அமர்ந்து வாதிடக்கூடிய வினா அது.